எட்டப்படாத மக்கள் எத்தனை? மூன்று பட்டியல், மூன்று கணக்கு

நீலமலைக்காரன் · வெள்ளி இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சபையில் அடுத்த மாதம் மிஷனெரி ஞாயிறு. வாசலில் வைக்க ஒரு பெரிய சார்ட் போட்டுத் தரும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். நடுவில் ஒரு வட்டம், அதற்குள் "உலகில் இன்னும் எட்டப்படாத மக்கள் இனங்கள் இத்தனை" என்று, அதாவது சுவிசேஷம் இன்னும் போய்ச் சேராத இனங்கள் எத்தனை என்று, தடித்த எழுத்தில் ஒரு எண், சுற்றிலும் படங்கள். அரை மணி நேர வேலை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். மூன்று நாளாகிறது, வட்டம் மட்டும் போட்டிருக்கிறேன்.

உலக இனங்களை மிஷன் பணிக்காகப் பட்டியலிடும் ஜோஷுவா பிராஜெக்ட் தளத்தில் 17,000-க்கு மேல் இனங்கள், அதில் 7,000-க்கு மேல் எட்டப்படாதவை. அதே தளத்தில் இன்னொரு பக்கம் போனால் மொத்தமே 10,000 சொச்சம் என்கிறது. அமெரிக்க சதர்ன் பாப்டிஸ்ட்காரர்களின் மிஷன் வாரியமான ஐஎம்பியின் பட்டியலில் மொத்தம் 12,000 பக்கம். ஆனால் எட்டப்படாதவை அங்கேயும் ஏழாயிரத்தை ஒட்டித்தான் இருக்கிறது. உலகக் கிறிஸ்தவப் புள்ளிவிவரத் தொகுப்பான வேர்ல்ட் கிறிஸ்டியன் டேட்டாபேஸ் சந்தா கட்டினால்தான் திறக்கும். அதிலிருந்து எடுத்துப் போட்டவர்களைப் பார்த்தால் 13,000-க்கு மேல் இனங்கள், அதில் நாலாயிரத்துச் சொச்சம்தான் பாக்கி.

மொத்தத்தில் ஐயாயிரம் குறைகிறது, பாக்கி மட்டும் அப்படியே நிற்கிறது. இது என்ன கணக்கு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எதைத்தான் எழுதுவது?


எக்செல்பித்தன் · வெள்ளி இரவு 10.25

வாங்க பிரதர், இந்தப் பள்ளத்தில் நானும் விழுந்து எழுந்தவன்தான். நாலு வருடம் ஒரு ஊழிய அமைப்புக்கு இந்த ஃபைல்களைத்தான் ஒட்டி வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் சுலபமானதைச் சொல்லிவிடுகிறேன். 17,000, 10,000 இரண்டும் ஒரே பட்டியல்தான். குர்துகள் துருக்கியில் இருக்கிறார்கள், ஈராக்கில் இருக்கிறார்கள், ஈரானிலும் சிரியாவிலும் இருக்கிறார்கள். நாட்டுக்கு நாடு தனித்தனியாக எண்ணினால் நாலு. எல்லைக்கோட்டை அழித்துவிட்டு எண்ணினால் ஒன்று. பெரிய எண் முதல் வகை, சின்ன எண் இரண்டாம் வகை. பிரசங்கத்தில் யார் எதைச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள், பெரும்பாலும் பெரியதைத்தான் சொல்வார்கள்.

அடுத்ததுதான் உங்கள் கேள்விக்குப் பதில். "எட்டப்படாத" என்று மூவரும் ஒரே பொருளில் சொல்வதில்லை.

ஜோஷுவா பிராஜெக்ட் இரண்டு நிபந்தனை வைக்கிறது. சுவிசேஷ கிறிஸ்தவர்கள், அதாவது பெரும்பாலும் புராட்டஸ்டண்ட் சபைகளில் இருக்கும் இவாஞ்சலிக்கல்கள், 2 சதவீதமோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். கூடவே எந்தச் சபையைச் சேர்ந்தவராக இருந்தாலும் சரி, மொத்தக் கிறிஸ்தவர்கள் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இரண்டும் பொருந்தினால்தான் அந்த இனம் பட்டியலில் ஏறும்.

ஐஎம்பிக்கு 2 சதவீதம் ஒன்று போதும். அதனால் போலந்துக்காரர்கள், இத்தாலியர்கள், கிரேக்கர்கள் எல்லாம் அங்கே எட்டப்படாதவர்கள். மொத்த இனங்கள் குறைவாக இருந்தும் பாக்கி குறையாமல் நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

டேட்டாபேஸ்காரர்கள் வேறு கேள்வியே கேட்கிறார்கள். டேவிட் பாரெட் என்ற ஆங்கிலிக்கன் மிஷனெரி கென்யாவில் இருந்துகொண்டு ஆரம்பித்த வேலை அது. 1982-ல் தடிமனான கலைக்களஞ்சியமாக வந்தது, 2001-ல் இரண்டாம் பதிப்பு, 2020-ல் மூன்றாம் பதிப்பு. பிறகு அமெரிக்காவில் கார்டன்-கான்வெல் இறையியல் கல்லூரியின் ஆய்வு மையம் அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. எத்தனை பேர் கிறிஸ்தவர்கள் என்பது அவர்களிடமும் உண்டு. ஆனால் பாக்கிக் கணக்கு போடும்போது, எத்தனை பேர் சுவிசேஷத்தைக் கேட்டிருப்பார்கள் என்பதைத்தான் மதிப்பிடுகிறார்கள். வேதாகம மொழிபெயர்ப்பு, வானொலி, அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவர்கள் என்று பல காரணிகளைக் கூட்டி, பாதிப் பேர் கூடக் கேட்டிருக்க மாட்டார்கள் என்று வந்தால் அந்த இனம் பாக்கி.

கேட்டவர்களை எண்ணுவது ஒன்று, ஏற்றுக்கொண்டவர்களை எண்ணுவது வேறு. சந்தையில் மீன் விலை விசாரித்தவர்களையும் வாங்கியவர்களையும் ஒரே நோட்டில் எழுதினால் எப்படி?


மணப்பாடு மகள் · சனி காலை 7.10

ஒரு நிமிடம். 2 சதவீதக் கணக்கில் கத்தோலிக்கர் சேர்த்தி இல்லையா?

எங்கள் ஊர்க் கடற்கரைப் பரதவர்கள் 1530-களில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள். 1542-ல் சவேரியார் வந்திறங்கினார். ஐந்நூறு வருடத்தை நெருங்கிவிட்டோம். அந்த அளவுகோலைப் பிடித்துக்கொண்டு வந்தால் என் பாட்டி எட்டப்படாதவள் ஆகிவிடுவாளே! தினமும் விடிகாலையில் எழுந்து ஜெபமாலை சொல்பவள்.


எக்செல்பித்தன் · சனி காலை 8.02

சிஸ்டர், நீங்கள் கோபப்படுவது நியாயம்தான். ஐஎம்பி அளவுகோலை எழுத்துப் பிசகாமல் வைத்தால் அப்படித்தான் வரும். ஜோஷுவா பிராஜெக்டில் 5 சதவீத நிபந்தனை இருப்பதால் அந்த வம்பு இல்லை.

அந்த 2 சதவீதமும் வானத்திலிருந்து விழுந்ததில்லை. முன்பு 20 சதவீதம் என்று பேசியவர்கள் இருந்தார்கள். 1995-ல் ஜோஷுவா பிராஜெக்ட் தொடங்கிய காலத்தில் இரண்டும் ஐந்துமாக ஆக்கினார்கள். கோட்டை எங்கே கிழிப்பது என்பது ஓரளவு மனம்போன போக்கில் எடுத்த முடிவுதான் என்று அவர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள். அந்த நேர்மைக்கு நான் மதிப்பெண் போடுவேன். சார்ட் போடுகிறவர்கள்தான் அந்த வரியைப் படிப்பதில்லை.


நீலமலைக்காரன் · சனி மதியம் 1.15

பாட்டிக்கு என் வணக்கம்.

சரி, அளவுகோல் புரிந்தது. இனங்களை எப்படிப் பிரிக்கிறார்கள்? இந்தியாவுக்கு மட்டும் ஜோஷுவா பிராஜெக்டில் 2,200-க்கு மேல் காட்டுகிறதே. நம் நாட்டில் அவ்வளவு மொழிகள் இல்லையே.


எக்செல்பித்தன் · சனி மதியம் 3.48

இதுதான் முக்கியமான இடம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், டீ போட்டுக்கொண்டு வாருங்கள்.

உலகம் முழுக்க இனம் என்பதை மொழியை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். அதற்கு அடித்தளம் எத்னோலாக் என்ற உலக மொழிகளின் பட்டியல். வேதாகம மொழிபெயர்ப்போடு தொடர்புள்ள எஸ்ஐஎல் என்ற மொழி ஆய்வு அமைப்பினர் 1951-ல் சின்ன அளவில் தொடங்கியது. இன்று ஏழாயிரத்துக்கு மேல் மொழிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்றெழுத்துக் குறியீடு. வேர்ல்ட் கிறிஸ்டியன் டேட்டாபேஸ் பெரும்பாலும் இந்த வழியிலேயே போகிறது.

தெற்காசியாவுக்கு வந்ததும் ஜோஷுவா பிராஜெக்ட் பாதையை மாற்றிக்கொள்கிறது. இங்கே ஒருவரோடு ஒருவர் கலக்காமல் தடுப்பது மொழியைவிடச் சாதி என்று சொல்லி, சாதிவாரியாகப் பிரிக்கிறார்கள். தமிழுக்கு எத்னோலாக்கில் ஒரே குறியீடு. அந்த ஒரு மொழிக்குள் ஜோஷுவா பிராஜெக்ட் சாதிப் பெயராக அடுக்கிக்கொண்டே போகும். மொத்த எண்ணிக்கை எகிறுவதற்கு இதுதான் காரணம்.

அந்தச் சாதிப் பட்டியலின் வேர் இந்திய மானிடவியல் ஆய்வுத் துறையில் இருக்கிறது. 1985 அக்டோபர் 2-ம் தேதி கே. எஸ். சிங் தலைமையில் 'இந்திய மக்கள்' என்ற திட்டம் தொடங்கியது. நாடு முழுக்க 4,635 சமூகங்களைப் பதிவு செய்தார்கள். அரசாங்கம் வேறு நோக்கத்துக்காகச் செய்த வேலை. மிஷன்காரர்களுக்கு அது புதையலாகப் போய்விட்டது.

பெயர் கிடைத்தது, தலைக்கணக்கு? எல்லாச் சாதியையும் எண்ணி வெளியிட்ட கடைசிக் கணக்கெடுப்பு 1931. அதற்குப் பிறகு பட்டியல் சாதி, பழங்குடி இரண்டுக்கு மட்டும்தான் முறையான எண் கிடைக்கிறது. மற்றவை எல்லாம் பழைய விகிதத்தை வைத்து நீட்டியதும் மதிப்பிட்டதும்தான். அப்புறம் வருடா வருடம் நாட்டின் மக்கள்தொகை வளர்ச்சிக்கு ஏற்ப அந்த எண்ணையும் ஏற்றிவிடுவார்கள். போன வருடம் 3,12,000 இருந்தது, இந்த வருடம் 3,15,000 ஆகிவிட்டது என்றால் யாரோ போய் எண்ணிவிட்டு வந்தார்கள் என்று நினைக்காதீர்கள். ஆஃபீசில் உட்கார்ந்து பெருக்கியதுதான்.

இதில் நான் கண்ட பெரிய பொறி ஒன்று உண்டு. சென்சஸ் ஃபைலில் பட்டியல் சாதியினரின் மத வாரி அட்டவணையைத் திறந்தேன். இந்து, சீக்கியர், பௌத்தர் என்று மூன்று பத்தி. கிறிஸ்தவர் என்று பத்தியே இல்லை. ஃபைல் சரியாக இறங்கவில்லை போல என்று இரண்டு முறை மறுபடி இறக்கினேன். பிறகுதான் உறைத்தது. 1950-ம் ஆண்டு பட்டியல் சாதி ஆணைப்படி கிறிஸ்தவராக மாறியவர் பட்டியல் சாதியே கிடையாது. 1956-ல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தரைச் சேர்த்தார்கள், அதோடு நின்றுவிட்டது. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுகிறார்கள்.

ஆக, அந்த அட்டவணையை மட்டும் நம்பி ஒருவர் தரவு செய்தால், ஊர் நடுவில் நூறு வருடத் தேவாலயமும் கோபுர மணியும் இருக்கிற சேரிக்குக் கூடக் கிறிஸ்தவர் பூஜ்யம் சதவீதம் என்றுதான் வரும். ஆள் இல்லாததால் வந்த பூஜ்யம் இல்லை அது, சட்டம் போட்ட பூஜ்யம்.

பழங்குடிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர்கள் எந்த மதத்துக்குப் போனாலும் பழங்குடிதான், அட்டவணையில் எல்லா மதமும் இருக்கும். அதனால் இந்தியாவில் ஒரு பழங்குடியின் சதவீதத்தை நான் ஓரளவு நம்புவேன். பட்டியல் சாதியின் சதவீதம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் தொடமாட்டேன்.

இன்னொரு சின்னக் குறிப்பு. ஜாட் சாதியை இந்து மரபு, முஸ்லிம் மரபு, சீக்கிய மரபு என்று மூன்றாக வெட்டியிருப்பார்கள். மதத்தின் பெயராலேயே ஒரு பெட்டியைக் கட்டிவிட்டு, அந்தப் பெட்டிக்குள் வேறு மதத்தவர் எத்தனை பேர் என்று தேடினால் என்ன கிடைக்கும்?


மட்டக்களப்பான் · சனி இரவு 8.30

எங்கட பக்கத்துக் கதையையும் கேளுங்கோ. இலங்கைச் சோனகர், அதாவது இங்கத்தைய முஸ்லிம்கள், வீட்டில் பேசுவது தமிழ். மொழியை வைத்துப் பட்டியல் போடுகிறவனுக்கு அவர்களும் நாங்களும் ஒன்று. ஆனால் 2012 கணக்கெடுப்பில் சோனகர் தனி இனம், ஒன்பது சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். அவர்களிடம் போய் "நீங்கள் தமிழர்தானே" என்று கேட்டுப் பாருங்கோ, பிறகு தெரியும்.

அதே கணக்கெடுப்பில் இலங்கைத் தமிழர் ஒரு வரி, இந்தியத் தமிழர் இன்னொரு வரி. மலையகத்தில் எத்தனையோ பேர் இப்போது தங்களை இலங்கைத் தமிழர் என்றே பதிகிறார்கள். ஆள் அதே ஆள், வீடு அதே தோட்டத்து லயன் வீடு, படிவத்தில் பெட்டி மட்டும் மாறுது. அதைப் பார்த்துவிட்டு இனம் சுருங்குது என்று எழுதுகிறவர்களும் இருக்கினம்.

இந்த இடத்தில் ஜோஷுவா பிராஜெக்ட் சோனகரைப் பிரித்துக் காட்டுவது சரி என்பேன். மொழிப் பட்டியலை மட்டும் வைத்திருந்தால் தமிழில் வேதாகமம் உண்டு, வேலை முடிந்தது என்று கோடு போட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.


ராஜ்மஹால் தாத்தா · ஞாயிறு மதியம் 2.05

ஆராதனை முடிந்து வந்து எல்லாவற்றையும் படித்தேன். பிள்ளைகள் நன்றாகப் பேசுகிறீர்கள். நான் ஜார்க்கண்ட் சந்தால் பர்கானா பக்கம் மால்டோ மக்கள் மத்தியில் பணித்தளத்தில் இருந்தவன். கம்ப்யூட்டர் எனக்குப் பேரன் உபயம்.

அந்த மக்களையே எடுத்துக்கொள்வோம். சென்சஸில் மால்டோ என்று ஒரு மொழி, பேசுகிறவர்கள் இரண்டு லட்சத்துக்கு மேல். எத்னோலாக்கில் சவுரியா பகாடியா என்று ஒன்று, குமார்பாக் பகாடியா என்று ஒன்று, இரண்டு மொழி. அரசாங்கப் பழங்குடிப் பட்டியலில் சவுரியா பகாடியா, மால் பகாடியா என்று இரண்டு. 2011 கணக்கில் ஜார்க்கண்டில் முதல் கூட்டம் சுமார் 46 ஆயிரம், இரண்டாவது 1.36 லட்சத்தை ஒட்டி. இதில் மால் பகாடியா என்ற பெயரில் எத்னோலாக் காட்டுவது வேறு குடும்பத்து மொழி, வங்காளத்துக்குச் சொந்தம். மால்டோவோ திராவிட மொழி, நமக்குச் சொந்தம். நமக்குக் 'கண்' என்றால் அவர்களுக்குக் 'கனு', ககரம் மட்டும் தொண்டைக்குள்ளிருந்து வரும். முதல் தடவை அதைக் கேட்ட அன்று இராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு சமயம் இந்த இனத்துக்காக ஜெபியுங்கள் என்று சொல்லும் ஜெப அட்டை அச்சடிக்க வேண்டும், இனத்தின் சரியான பெயரைக் கேட்டு எழுது என்று கடிதம் வந்தது. மலை மேல் ஒரு பெரியவர், சோளக்கதிர் உரித்துக்கொண்டிருந்தார். "நீங்கள் யார்?" என்று கேட்டேன். "மலெர்" என்றார். மனுஷர் என்கிற மாதிரி. "சவுரியாவா, குமார்பாகா?" என்றேன். உரிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "அது நீங்கள் எங்களுக்கு வைத்த பெயர். அங்கே அந்த மேட்டுக்கு அப்பால் பெண் கொடுக்கமாட்டோம். அதையும் எழுதிக்கொள்" என்றார்.

மூன்று பட்டியலிலும் இல்லாத எல்லை அது. மேடு.

அந்த மலைகளில் காலா-அசார் காய்ச்சல் கொள்ளை கொண்டுபோன ஊர்களை நான் பார்த்திருக்கிறேன். தரவில் ஒரு ஊர் குறைந்தது தெரிய எத்தனை வருடம் ஆகும்?

பட்டியலே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். 1884-லேயே ட்ரோஸ் என்ற மிஷனெரி மால்டோவுக்கு இலக்கணம் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். அப்படி ஒரு மக்கள் இருக்கிறார்கள் என்று திருநெல்வேலிக்காரனாகிய எனக்குத் தெரியவந்தது ஒரு ஜெப அட்டையால்தான். 1903-ல் நம்மவர்கள் இந்தியன் மிஷனெரி சொசைட்டி தொடங்கி, தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பக்கம் போனபோது எந்த வெப்சைட்டைப் பார்த்தார்கள்? ஆனாலும் போனார்கள். அட்டை என்பது வழி சொல்லும் ஆள். கூடவே வீடு வரைக்கும் வரமாட்டான்.


கேள்விக்குறி · ஞாயிறு இரவு 10.50

நான் விசுவாசி இல்லை, மானிடவியல் படித்தவன். தேடுபொறி இங்கே கொண்டுவந்து விட்டது. ஐயா எழுதியதைப் படித்த பிறகு பேசாமல் போக மனம் வரவில்லை.

நீங்கள் எல்லோரும் எண் சரியா தப்பா என்று பார்க்கிறீர்கள். 'மக்கள் இனம்' என்ற அலகே எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. டொனால்ட் மெக்கேவ்ரன் என்ற மிஷனெரி இங்கே மத்தியப் பிரதேச டமோவில் பிறந்து, மத்திய இந்தியாவில் வேலை செய்தவர். ஆட்கள் தனித்தனியாக வருவதைவிடச் சாதியாக, கூட்டமாக வருவது எளிது என்று கண்டார். 1974-ல் சுவிட்சர்லாந்தின் லொசானில் நடந்த உலக சுவிசேஷ மாநாட்டில் ரால்ஃப் விண்டர் என்ற அமெரிக்க மிஷன் அறிஞர் இன்னும் எட்டப்படாத இனங்கள் பக்கம் எல்லோர் பார்வையையும் திருப்பினார். 1982-ல் சிகாகோவில் கூடி விளக்கம் எழுதினார்கள்: புரிந்துகொள்வதிலோ ஏற்றுக்கொள்வதிலோ தடை இல்லாமல் சுவிசேஷம் பரவக்கூடிய மிகப் பெரிய கூட்டம் எதுவோ, அது ஒரு மக்கள் இனம். அதாவது, தடை இருக்கும் இடத்தில் கோடு. இந்தியாவில் அந்தக் கோடு சாதிக்கோட்டின் மேலேயே விழுகிறது. சாதியை ஒழிக்க வேண்டிய சபை சாதிவாரியாகக் கட்டப்பட்டால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தனிக் கல்லறை வைத்திருக்கிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன.

ருவாண்டாவைப் பாருங்கள். ஹுட்டு, டுட்சி இருவருக்கும் ஒரே மொழி, இருவரும் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். எந்தப் பட்டியலிலும் 'எட்டப்பட்ட' இனங்கள். 1994 இனப்படுகொலையில் தேவாலயத்துக்குள் ஓடி ஒளிந்தவர்களை அங்கேயே வெட்டினார்கள். அந்தச் சதவீதம் எதை அளந்தது?

சீனாவில் இதே வேலையை அரசாங்கம் செய்தது. 1950-களில் மக்களே தங்களைப் பதிந்த பெயர்கள் நானூறுக்கு மேல். அதை அமுக்கி அமுக்கி 56 ஆக்கினார்கள், கடைசியாக 1979-ல் ஜினோ என்ற இனம் சேர்ந்தது. ஜோஷுவா பிராஜெக்ட் அதையே மறுபடி ஐந்நூறுக்கு மேல் பிரித்து வைத்திருக்கிறது. ஒருவருக்கு ஆள்வதற்குத் தோதான எண், மற்றவருக்கு ஊழியம் செய்யத் தோதான எண்.

இன்னொன்று. அந்தமானில் உள்ள வடக்கு சென்டினல் தீவு மக்களை 2001 கணக்கெடுப்பில் 39 என்று எழுதினார்கள், 2011-ல் 15. படகில் தூரத்தில் நின்று, கண்ணில் பட்டவர்களை எண்ணியது. அந்த மக்களும் எட்டப்படாதோர் பட்டியலில் ஒரு வரி. பள்ளி வயதில் அந்த வரியைப் படித்த ஜான் ஆலன் சாவ் என்ற அமெரிக்க இளைஞர் 2018 நவம்பரில் சட்டத்தை மீறிப் போய் அம்பு பட்டு இறந்தார். 1956 முதல் அங்கே வெளியாட்கள் கரையேறத் தடை இருக்கிறது. ஒரு ஜலதோஷம் போதும், அந்தத் தீவே காலியாகிவிடும். தரவு என்பது வெறும் தரவு இல்லை.


மணப்பாடு மகள் · ஞாயிறு இரவு 11.20

தனிக் கல்லறை விஷயத்தில் எங்கள் சபையும் யோக்கியம் இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.


எக்செல்பித்தன் · திங்கள் காலை 6.55

கேள்விக்குறி, சாவ் விஷயத்தில் எனக்கும் உங்கள் கருத்துதான். அந்த வரிக்குப் பக்கத்தில் 'போகக் கூடாது' என்று சிவப்பில் எழுதியிருந்தால் அந்தப் பையன் நின்றிருப்பானா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் எழுதியிருக்க வேண்டும்.

சாதிக்கோடு விஷயத்தில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். கோட்டைக் காட்டுவதும் கோட்டுக்குள் சபை கட்டுவதும் ஒன்றல்ல. சாதியை எண்ணாமல் விட்டால் சாதி போய்விடும் என்றால் 1931-க்குப் பிறகு எப்போதோ போயிருக்க வேண்டுமே. வரப்போகிற கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப் போகிறார்கள். அந்த எண் வெளிவரும் நாளில் இந்த மூன்று பட்டியலும் எப்படிப் புரண்டு விழும் என்று பார்க்க எனக்கு ஆசை.

இந்தியக் கிறிஸ்தவர் மொத்தக் கணக்கிலேயே பெரிய ஓட்டை இருக்கிறது. 2011 சென்சஸ் 2.78 கோடி என்கிறது, 2.3 சதவீதம். வேர்ல்ட் கிறிஸ்டியன் டேட்டாபேஸ் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் சொல்கிறது. வெளியில் சொல்லாத விசுவாசிகள், சட்டத்துக்குப் பயந்து பதியாதவர்கள் என்று சேர்க்கிறார்கள். சபைகள் கொடுக்கிற உறுப்பினர் எண்ணையும் எடுத்துக்கொள்கிறார்கள். சபைகள் எப்படி எண் கொடுக்கும் என்று உள்ளே இருந்து பார்த்தவனாகச் சொல்கிறேன்: ஊரை விட்டுப் போனவன் பெயர் அடிக்கப்படாது, செத்தவன் பெயரும் சில சமயம் அடிக்கப்படாது. உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கலாம். நடு என்றால் பாதி என்று அர்த்தமில்லை.


நெறியாளர் · திங்கள் காலை 9.00

சூடு ஏறினாலும் மரியாதை குறையாமல் போகிறது, நன்றி. குறிப்பிட்ட கிராமங்களின் பெயர், இப்போது ஊழியம் செய்பவர்களின் விவரம் எதையும் இங்கே போட வேண்டாம். இரண்டு பதிவுகளில் ஊர்ப் பெயரை எடுத்திருக்கிறேன்.


நீலமலைக்காரன் · புதன் இரவு 9.15

இரண்டு நாள் எட்டிப் பார்க்க முடியவில்லை. நானும் ஒரு வீரச்செயல் செய்தேன், சொன்னால் சிரிப்பீர்கள். ஜோஷுவா பிராஜெக்டில் ஃபைலை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்று எக்செல்பித்தன் தனி மடலில் சொன்னார். இறக்கினேன். மொழிப் பட்டியல் ஒன்றையும் எடுத்து, பெயரை வைத்து இரண்டையும் ஒட்டினேன். எங்கள் நீலகிரி மலைக்காரர்கள் எப்படி வருகிறார்கள் என்று பார்க்கலாமே என்று கோத்தர்களைத் தேடினேன். கோத்தகிரி பெயரே அவர்களால் வந்தது. கொல்லர் வேலை, குயவர் வேலை, மேளம் எல்லாம் அவர்களுடையது, மிகக் கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள்.

திரையில் வந்த வரியில் கோத்தர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள், வசிப்பது காபோன்!

ஆப்பிரிக்காவில் காபோனிலும் கோட்டா என்று ஓர் இனம் உண்டாம். ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டும் ஒரே நாலெழுத்து. என் அருமை எக்செல் குன்னூரையும் காபோனையும் ஒட்டிவிட்டது. அந்த வரியில் கைவைக்காமல் சார்ட்டில் போட்டிருந்தால், எங்கள் சபைக்கு வரும் கோத்தகிரி பெரியவர்கள் என்னை மேளம் கொட்டி அனுப்பியிருப்பார்கள்.


எக்செல்பித்தன் · புதன் இரவு 9.50

ஹா ஹா. எல்லோரும் ஒரு தடவை விழும் குழி இது. பெயரை வைத்து ஒருநாளும் ஒட்டாதீர்கள். மூன்றெழுத்து மொழிக் குறியீடு இரண்டு ஃபைலிலும் இருக்கும். நீலகிரிக் கோத்தர் மொழி கேஎஃப்இ, காபோன்காரர்களுடையது கேஓக்யூ. சாதிகளுக்கு மொழிக் குறியீடு உதவாது, தமிழ் பேசும் எல்லாச் சாதிக்கும் ஒரே குறியீடு வந்து நிற்கும். அதற்கு இனங்களுக்கென்றே தனி எண் வைத்திருக்கிறார்கள், அதைப் பிடியுங்கள். எந்த வருடத்து ஃபைல் என்பதையும் ஒரு மூலையில் குறித்து வையுங்கள். அடுத்த வருடம் எண் மாறினால் நாட்டில் ஏதோ நடந்தது என்று நினைத்துவிடாமல் இருக்கலாம்.

உங்கள் முதல் கேள்விக்கு என் பதிலைக் கேட்டால்: சபை வாசலுக்கு ஜோஷுவா பிராஜெக்ட். வேதாகம மொழிபெயர்ப்புக் குழுவுக்கு எத்னோலாக். நூறு வருடத்தில் ஒரு நாட்டில் கிறிஸ்தவம் எப்படி நகர்ந்தது என்று எழுதுபவருக்கு வேர்ல்ட் கிறிஸ்டியன் டேட்டாபேஸ், அதுவும் நூலகத்தில் சந்தா இருந்தால். ஐஎம்பியில் எனக்குப் பிடித்தது வேறொன்று. எட்டப்பட்டதா என்பதோடு, அங்கே சபை நாட்ட யாராவது வேலையைத் தொடங்கியிருக்கிறார்களா என்றும் தனியாகக் கேட்கிறார்கள். ஆள் அனுப்புகிற அமைப்புக்கு அந்தக் கேள்வி முக்கியம். இந்தியாவில் ஒரு பழங்குடி பற்றி என்றால் நேராக சென்சஸ்.


ராஜ்மஹால் தாத்தா · வியாழன் காலை 5.30

அதோடு அங்கே இருந்து வந்த ஒரு ஆளிடமும் கேட்டுக்கொள், தம்பி. இன்னும் நாங்கள் நாலு பேர் உயிரோடுதான் இருக்கிறோம்.


நீலமலைக்காரன் · ஞாயிறு இரவு 8.20

சார்ட் முடிந்தது. வட்டத்துக்குள் எண் போடவில்லை. தாத்தா சொன்ன சோளக்கதிர் பெரியவரை எங்கள் ஞாயிறு பள்ளிப் பையன் ஒருவன் வரைந்து கொடுத்தான், அதை ஒட்டினேன். கீழே மால்டோ மக்களைப் பற்றி எட்டு வரி. ஏழாயிரம் எண்ணை ஓரத்தில் சின்னதாக, எந்தப் பட்டியல், எந்த அளவுகோல், எந்த வருடம் என்பதோடு சேர்த்துப் போட்டிருக்கிறேன்.

பாஸ்டர் பார்த்தார். "எல்லாம் சரி தம்பி, நம்பர் எங்கே?" என்றார். ஓரத்தைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்து படித்தார். நிமிர்ந்து, "இதைப் படிக்க எல்லோரும் இப்படிக் குனிய வேண்டுமா?" என்றார்.


ராஜ்மஹால் தாத்தா · ஞாயிறு இரவு 8.45

அந்தப் படத்தை இங்கே போடு. பேரனை விட்டுப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். அவருக்கு இடது கையில் இரண்டு விரல் கிடையாது, பையனிடம் சொன்னாயா?